ஐந்தாம் படியில் ஒரு பிழை

ஜனவரி 8

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், நடமாடுகிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. காதோடு சேர்ந்து அதுவும் கட்சி மாறிவிட்டது. உன் உடம்பு எப்படி? ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் குளிர் தாங்கவில்லை என்று போன வருஷம் எழுதியிருந்தாய். ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போனில் கேட்டால் நீ சொல்வது எனக்குக் கேட்காது, நான் கத்துவது உன் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும். அதனால் கடிதம்.

போன வாரம் மூன்றாவது தெருப் பல்மருத்துவர் வந்திருந்தார். அவர் வீட்டில் மாடி சுவிட்சைப் போட்டால் சமையலறையில் விளக்கு எரிகிறதாம். அந்த வீட்டுக்கு வயரிங் படம் வரைந்தது என் பையன்தான். அவன் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகியும் படம் கேட்டு ஆட்கள் வருவது நிற்கவில்லை. இந்தப் பக்கத்துப் பாதி வீடுகளின் நரம்பு அவன் கணினிக்குள்தான் இருக்கிறது. திறந்து, தேடிக் கொடுத்தேன். அவர் பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "உள்ள யாரோ நகம் கடிக்கிற மாதிரி சத்தம் வருது சார்." எனக்கு எங்கே கேட்கும்? கையை வைத்துப் பார்த்தேன். தட், தட் என்று அடித்தது. நாடி பிடித்தது போல் இருந்தது.

ஹார்ட் டிஸ்க் போகப் போகிறதாம். அதற்குள் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட வேண்டுமாம். அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றனவாம். எது நல்லது என்று உனக்குத் தெரியும் அல்லது விசாரிக்க முடியும். கணினிக் கடைக்காரர், பெட்டியைக் கொண்டுவந்தால் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். எனக்குத்தான் அதை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். படித்துப் பார்த்துச் செய்யக்கூடிய எதையும் செய்துவிடுவேன். ஒரு எழுத்து விடாமல் எல்லாம் வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். ஸ்வெட்டர் இரண்டு வாங்கிக்கொண்டேன். முழங்காலுக்கு டாக்டரிடம் போனீர்களா? மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணினியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பழைய பெட்டி மாமா. அவர் வாங்கும்போதே கைமாறி வந்ததுதான். அதை முழுதாகப் பிரதி எடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. புகைப்படங்கள் ஒரு கோப்புறையில் இருக்கும், வயரிங் படங்கள் ஒரு உறையில் இருக்கும். அந்த இரண்டையும் ஒரு பென் டிரைவில் இழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் பழைய பில்கள், பாட்டுகள், விண்ணப்பங்கள், யாருக்கும் உதவாத காகிதங்கள். அவற்றைத் திறந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. பல்மருத்துவரே ஐந்து நிமிடத்தில் செய்து கொடுப்பார்.

இங்கே வேலை அதிகம். மாத்திரைகளை விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஜனவரி 31

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருப்பதாக எழுதியதில் சந்தோஷம். டாக்டரிடம் போனேன். வயசு என்று சொன்னார். அதைச் சொல்ல அவர் அவ்வளவு படித்திருக்க வேண்டியதில்லை.

நீ சொல்கிறபடி பொறுக்கி எடுக்க எனக்கு விருப்பமில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க நான் யார்? அவன் எப்படி வைத்துவிட்டுப் போனானோ அப்படியே இருக்கட்டும். மேசைத் திரையில் ஒரு ஓரத்தில் 'நாளைக்கு' என்று ஒரு உறை இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. அதுகூட வேண்டும்.

கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பாவம், எல்லாவற்றையும் எழுதி எழுதிக் காட்டினார். நான்கு வழி உண்டாம். கணினிக்குள்ளேயே இருக்கிற பேக்கப் வசதி ஒன்று. அது எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாகச் சுருட்டி வைத்துவிடும், பிறகு திறக்க வேறு ஏற்பாடு வேண்டும். டிஸ்க் தயாரிக்கும் கம்பெனியே இலவசமாகத் தரும் மென்பொருள் ஒன்று. அவர்கள் டிஸ்க்கை வாங்கினால்தான் அது வேலை செய்யும். பென் டிரைவிலிருந்து ஓடும் ஒன்று; அது நல்ல வேலைக்காரனாம், ஆனால் நீலத் திரையில் வெறும் ஆங்கில எழுத்தாக வந்து நிற்கும், ஏதாவது தப்பாக அழுத்தினால் திரும்பக் கேட்காதாம். கடைசியாக, காசு கொடுத்து வாங்குகிற ஒன்று. அதன் அட்டையில் 'உங்கள் நினைவுகளுக்கு நிறந்தரப் பாதுகாப்பு' என்று அச்சிட்டிருக்கிறது. நிரந்தரத்தையே தப்பாக எழுதுகிறவனிடம் எதை நம்பிக் கொடுப்பது?

இந்த நான்கில் எது? உன் அபிப்பிராயம் எனக்கு முக்கியம்.

உன் மாமா


மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு பேர் விடுப்பில் போனதால் அவர்கள் வேலையும் என் தலையில் விழுந்தது. நான் நலம்தான். உங்களுக்குத் தூக்கம் ஒழுங்காக வருகிறதா?

எங்கள் ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருவர் இருக்கிறார். எப்போதும் கழுத்தில் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டு திரிவதால் எல்லோரும் கேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன். பேக்கப் என்பது வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டி வைப்பதாம். குளோன் என்பது அதே வீட்டை இன்னொரு மனையில் அப்படியே கட்டுவதாம். சாமான்கள் அதே மூலையில் இருக்கும், குப்பைக்கூடையில் இருக்கிற குப்பைகூட அப்படியே இருக்கும் என்று சிரித்தார். வீட்டுக் கணினிக்கு டிஸ்க் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் இலவச மென்பொருளே தாராளம் என்கிறார். காசு கொடுத்து வாங்குவதில் அதிகமாக இருக்கும் வசதிகள் உங்களுக்குத் தேவைப்படாது. நீலத் திரைக்காரன் வேண்டவே வேண்டாம்.

உங்கள் டிஸ்க் சத்தம் போடுவதைச் சொன்னேன். "அது சொல்லிட்டுப் போகுது. நிறைய டிஸ்க் சொல்லாமலே போயிடும்" என்றார்.

மாமா, ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் எனக்கு நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். நானே வந்து எல்லாவற்றையும் செய்து தருகிறேன். அதுவரை கணினியைத் திறக்காமல் வைத்திருங்கள். திறக்கத் திறக்கத் தேய்ந்துபோகும். தயவுசெய்து திறக்க வேண்டாம்.

மருமகள்


மார்ச் 9

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நீ வருவதாக எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீ ஊரைவிட்டுப் போன இந்தப் பதினைந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை.

ஆனால் ஏப்ரல் வரை அது தாங்காது. நேற்று ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஒரு சான்று வேண்டி கணினியைத் திறந்தேன். எழுந்திருக்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. நடுவில் இரண்டு தடவை திரை கறுத்துவிட்டது. கையை வைத்துப் பார்த்தேன், அடிப்பது சீராக இல்லை. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டாலும், கொஞ்சம் பொறு என்று சொன்னேன்.

புது டிஸ்க் வாங்கிவிட்டேன், பழையதன் அளவேதான். யூஎஸ்பியில் செருகும்படி ஒரு கூடும் சேர்த்துக் கொடுத்தார். கம்பெனி மென்பொருளையும் கடைக்காரரே பென் டிரைவில் போட்டுத் தந்தார். நேற்றே கணினியில் ஏற்றி வைத்துவிட்டேன். இனி ஒன்றுதான் பாக்கி. எந்தத் திரையில் எதை அழுத்த வேண்டும் என்று எண் போட்டு எழுதி அனுப்பு. கேபிள் அக்காவைக் கேட்டு எழுது. நீ எழுதியபடி செய்வேன்.

உன் மாமா


மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கேட்டபடி எழுதியிருக்கிறேன்.

1. கணினியை அணைத்துவிட்டு, புது டிஸ்க்கைக் கூட்டோடு பின்பக்கம் செருகுங்கள். பிறகு கணினியைப் போடுங்கள்.

2. மென்பொருளைத் திறந்து, 'குளோன்' என்ற பொத்தானை அழுத்துங்கள்.

3. இரண்டு டிஸ்க்குகளையும் காட்டும். உள்ளே இருக்கும் பழையது டிஸ்க் 0. புதியது டிஸ்க் 1.

4. 'வாசிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் செல்' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள்.

5. மூலம் எது என்று கேட்கும், டிஸ்க் 1 என்று கொடுங்கள். இலக்கு எது என்று கேட்கும், டிஸ்க் 0 என்று கொடுங்கள்.

6. இலக்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும் என்று ஒரு எச்சரிக்கை வரும். வழக்கமாக வருவதுதான். பயப்படாமல் 'சரி' என்று அழுத்துங்கள்.

7. முடிய ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். நடுவில் எதையும் தொட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


மார்ச் 18
விரைவுத் தபால்

மாமா,

எதையும் செய்யாதீர்கள். ஐந்தாவது தப்பு. மூலம் டிஸ்க் 0, இலக்கு டிஸ்க் 1. நான் எழுதியபடி செய்தால் புது டிஸ்க்கின் வெறுமை பழையதன் மேல் ஏறி எல்லாம் அழிந்துவிடும்.

நேற்றிலிருந்து உங்கள் போனுக்குப் பதினோரு தடவை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறேன், நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும். கீழ்வீட்டுக்காரர்களும் எடுக்கவில்லை.

இது உங்கள் கைக்கு முதலில் வர வேண்டும்.

மருமகள்


ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமா? என் விரைவுத் தபால் கிடைத்திருக்கும். பதில் இல்லை.

கீழ்வீட்டு அம்மா ஒருவழியாகப் போனை எடுத்தார். "நல்லாத்தாம்மா இருக்காரு. காலையில பால் வாங்கிட்டுப் போறாரு. யார்கிட்டயும் பேசறதில்ல, அவ்வளவுதான்" என்றார். மேலே போய் கணினி விஷயம் கேட்டு வரச் சொல்லலாம் என்று நினைத்தேன். எப்படிக் கேட்கச் சொல்வது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

எல்லாம் போய்விட்டதென்றால் அதையாவது எழுதுங்கள். ஒரு வரி போதும்.

மருமகள்


ஏப்ரல் 14

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

எதுவும் போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ படிகளை எழுதிய கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது, விரைவுத் தபால் இருபதாம் தேதி. ஆனால் நான் அதற்காகக் காத்திருக்கவில்லை. மூன்றாம் படியில் பழையது 0 என்கிறாய், ஐந்தாம் படியில் அதையே இலக்கு என்கிறாய். முதல் வாசிப்பிலேயே கண்ணில் பட்டது. நாற்பது வருஷப் பழக்கம். கைப்பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்பதும் எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கைப்பிழை வருகிற இடத்தில் எழுத்து ஓடும். உன் எழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் நின்று நிதானமாக இருந்தது.

பத்தொன்பதாம் தேதி பகல் முழுக்க அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ எழுதியபடியே செய்துவிடலாமா என்றும் யோசித்தேன். உனக்கு வேண்டியது அதுதான் என்று தெரிந்த பிறகு, அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன மாமனார் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவன் வரைந்த முந்நூற்றுச் சொச்சம் வீடுகள், அவன் குரல், அந்த வெறும் உறை. சாயங்காலம் எண்களை மாற்றிப் போட்டு 'சரி' என்று அழுத்தினேன். ஒன்பது மணி நேரம் ஓடியது. பதினேழு இடங்களில் வாசிக்க முடியவில்லை என்று காட்டியது. என்னென்ன போயிற்று என்று தெரியவில்லை, நான் தேடியவரை எல்லாம் இருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பழைய டிஸ்க் நின்றுவிட்டது. கையை வைத்தால் ஒன்றும் இல்லை.

இனி நீ பயந்த விஷயம். அந்தப் படிவத்தை நான் போன அக்டோபரிலேயே படித்துவிட்டேன். முதியோர் இல்லத்துக்கு என்னை அனுப்ப நீ நிரப்பிய விண்ணப்பம். 'சேர்க்கப்படுபவர் பற்றிய குறிப்புகள்' என்ற இடத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாய். அடுப்பை அணைக்க மறப்பது, காது கேட்காததால் கத்துவது, மளிகைச் சீட்டைக்கூடத் திருத்தி வைப்பது, யார் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பது. கடைசியில், 'இவர் இருக்கும் வீட்டில் எங்களால் சிரிக்க முடியவில்லை.' செய்திப்பிழை எதுவும் இல்லை. எல்லாம் சரிதான்.

எழுத்துப்பிழைகள் மூன்று இருந்தன. எனக்குத் 'தனி அரை' கேட்டிருந்தாய், அறை என்று மாற்றினேன். 'குரட்டை' என்று இருந்ததைக் குறட்டை ஆக்கினேன். மூன்றாவது, கீழே உறவினர் பெயர் என்ற இடத்தில் அவன் தன் பெயரைத் தட்டியிருந்த இடம். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் நான் தொடவில்லை.

திருத்திச் சேமித்ததில் கோப்பின் தேதி மாறிவிட்டது, அது என் தப்பு. ஆனால் அதற்கு முன் இருந்ததை ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். ஜூன் பதினொன்று, மாலை ஐந்து இருபது. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் லாரியில் அடிபட்ட அதே நாள்.

அன்றைக்கு நீங்கள் இருவரும் சமையலறை வாசலில் நின்று பேசியதை நான் பார்த்தேன். கேட்கவில்லை, பார்த்தேன். அவன் கையில் ஒரு டம்ளர் இருந்தது. வேலை விஷயமாகப் போனார் என்று நீ பிறகு எல்லோரிடமும் சொன்னாய். நானும் கேட்கவில்லை. பிரதி எடுக்கக் கடைக்காரரே போதும். உன்னிடம் கேட்டது, உன்னோடு பேச எனக்கு வேறு விஷயம் இல்லாததால்.

இப்போது கேட்கிறேன். அன்று என்ன பேசினீர்கள்?

உன் மாமா


மே 5

மாமாவுக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் உண்மை.

ஏப்ரல் விடுப்பை நான் எடுக்கவில்லை. உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். எக்ஸ்ரே படங்களை உறையில் போட்டு எண் எழுதுவதுதான் என் வேலை. ஒரு நாள் ஒருவரின் நெஞ்சுப் படத்தை இன்னொருவர் உறையில் போட்டுவிட்டேன். அதிகாரி சத்தம் போட்டார். எனக்கு அழுகை வந்தது அதற்காக இல்லை.

ஐந்தாம் படியை நான் தெரிந்துதான் எழுதினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அவரை இரண்டாவது தடவை கொல்லச் சொல்லி உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று நடந்தது இதுதான். அந்தப் படிவத்தை நான் அதற்கு முந்தைய நாளே நிரப்பி வைத்திருந்தேன். அவருக்குத் தெரியாது. அன்று வேலை முடிந்து வந்து, தண்ணீர் குடித்துக்கொண்டே கணினியில் அதைப் பார்த்துவிட்டார். டம்ளரோடு என்னிடம் வந்தார்.

"இதை எழுதினது நீயா?" என்றார்.

"ஆமா."

"அப்பா இங்கதான் இருப்பார். இதைப் பத்திப் பேச்சே வேண்டாம்."

நான் விடவில்லை. பகலெல்லாம் உங்களோடு வீட்டில் இருப்பது நான்தான், அவர் இல்லை என்றேன். மூன்று வருஷமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னேன். நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரியும். காதில் விழாது என்ற தைரியம். கடைசியாக, "இந்த வீட்டுல நான் இருக்கணுமா, அவர் இருக்கணுமா, சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அவர் டம்ளரைக் கழுவி வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிடம் இருக்கும். படிவத்தை அழிக்கிறார் என்று நினைத்தேன். வெளியே வந்து சாவியை எடுத்தார். "ஒரு வீட்டுல மெயின் போர்டு பார்க்கணும். வந்து பேசிக்கலாம்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஐந்தரை மணி.

என் மேல் கோபத்தோடு போனார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். படிவத்தை அழித்தாரா இல்லையா என்று பார்க்க, அவர் நாற்காலியில் உட்கார என்னால் முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஊரைவிட்டே வந்தேன்.

மாமா, கீழே இருக்கும் பெயரை நான் தட்டவில்லை. அந்த இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். ஐந்து இருபதுக்கு அந்த அறைக்குள் இருந்தது அவர் மட்டும்தான். எனக்காக ஒப்புக்கொண்டுவிட்டுப் போயிருக்கிறார். அதை என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கிற மாதிரி நிற்கவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் உங்களைப் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை வரட்டுமா?

மருமகள்


ஜூன் 21

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை உண்மையாக எழுது.

உன் கடிதம் வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. நான்கு தடவை பதில் எழுத உட்கார்ந்து, நான்கையும் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். இன்னொன்றில் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன், இரண்டும் பொய்யாக இருந்தன.

அக்டோபரில் அந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, மனம் ஒத்து, என்னை அனுப்பத் தீர்மானித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். நீ எழுதியது எனக்கு வலிக்கவில்லை. நீ வெளியிலிருந்து வந்தவள், என்னோடு மல்லுக்கட்டினவள். அவன் பெயர் அங்கே இருந்ததுதான் வலித்தது. இறந்தவன் மேல் கோபப்படுவது எவ்வளவு அசிங்கமான வேலை தெரியுமா? ஏழு மாதம் அதைச் செய்தேன். அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் இடத்தை மாற்றிக்கொண்டேன்.

"அப்பா இங்கதான் இருப்பார்" என்று அவன் சொன்னதாக நீ எழுதிய வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். நீ அதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினாய். அதேபோல, அவன் உனக்காக இறங்கி வந்தான் என்பதை நான் சொல்லாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. பாவம், பத்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்திருக்கிறான். இரண்டு பேருக்கும் அது போய்ச் சேரவில்லை.

ஆனாலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால் அவன் இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருப்பான், அந்த லாரி போயிருக்கும். இப்படி நினைப்பது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். நினைக்காமல் இருக்க முடியவில்லை. நான் காது கேட்கிற ஆளாக இருந்திருந்தால் எழுந்து வந்து, "நானே போறேன், சண்டை போடாதீங்க" என்று சொல்லியிருப்பேன். அதையும் நினைக்கிறேன்.

அதனால் அன்று சொல்ல முடியாததை இப்போது செய்திருக்கிறேன். அந்தப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போன வாரம் நானே அந்த இல்லத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் படித்துப் பார்த்துவிட்டு, "உங்களைப் பத்தி நல்லா எழுதியிருக்காங்களே, வீட்டுல யாரு?" என்று தாளில் எழுதிக் கேட்டாள். மருமகள் என்று சொன்னேன். அறை சின்னது, ஜன்னல் பின்பக்கச் சுவரைப் பார்த்து இருக்கிறது. கணினி வைக்க மேசை உண்டு. ஆகஸ்ட் முதல் தேதி போகிறேன். யாரும் அனுப்பிப் போகவில்லை, மாடிப்படி ஏற முடியாமல் போகிறேன். இதை உன் மனசில் ஏற்றி வைத்துக்கொள்ளாதே.

இத்துடன் ஒரு பார்சல் வரும். அதில் இன்னொரு டிஸ்க் இருக்கிறது. அதே மென்பொருளில் நானே எடுத்த இரண்டாவது பிரதி. இப்போது எனக்குப் படிகளைப் பார்க்க வேண்டியதில்லை, கை தானாகப் போகிறது. ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பிரதியும் ஒரே தீயில் எரியும், ஒன்றை வேறு ஊரில் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு வேறு ஊரில் நீ மட்டும்தான் இருக்கிறாய். எல்லாம் இருக்கிறது, படிவமும் இருக்கிறது. உன் பிரதியில் அதை அழிப்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். என் பிரதியில் இருக்கும்.

சனிக்கிழமை வரவா என்று கேட்டாய். இப்போது வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. எழுது. மாதம் ஒன்று போதும், குளிரைப் பற்றி, உன் வேலையைப் பற்றி, எதைப் பற்றியாவது. இல்லத்தின் விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பார்க்க விடுவார்களாம். என்றைக்காவது வருவதாக இருந்தால் முன்கூட்டி எழுதாமல் வா. வருகிறேன் என்று சொல்லிவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அது மட்டும் இனி என்னால் முடியாது.

மாமா